பாதியில் நின்ற தீ

அக்டோபர் 3, திங்கள்

காலையில் தூறல். பட்டாபிராம் ஸ்டேஷனில் கூரை ஒழுகாத இடம் எனக்கு மனப்பாடம். இன்று அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. நனைந்தேன். செருப்பு வார் வேறு அறுந்தது. ஊக்கு.

ரயிலில் எதிர் சீட்டில் புதிதாக ஒரு அம்மா. எங்கே வேலை என்று கேட்டாள். "ஏரோப்ளேன கொளுத்துற எடத்துல" என்றேன். தள்ளி உட்கார்ந்தாள். பாவமாகி, விவரம் சொன்னேன். முழு விமானம் இல்லை, அதற்குள் வைக்கும் தகடு. இரும்பும் இல்லை, கறுப்பு நிறத்தில் கார்பன் துணி. பசை தடவி ஏடு ஏடாக ஒட்டிப் பெரிய அடுப்பில் வேக வைத்தால் பலகை மாதிரி இறுகிவிடும், தூக்கினால் அப்பளக் கனம். அதில் ஒரு துண்டு வெட்டி நெருப்பில் காட்டி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். பார்ப்பது படித்தவர்கள். புகை விசிறி போடுவது, கரி துடைப்பது, டீ போடுவது அஞ்சாவது படித்த நான்.

"அஞ்சாவது படிச்சவங்களயெல்லாம் இந்த வேலைக்கு எடுத்துக்கறாங்களா?"

"எரிஞ்சத தொடைக்க எதுக்கும்மா படிப்பு?"

அம்பத்தூர் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். நல்ல பொம்பளை.

கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் ஸ்டெல்லா மேடம் எனக்கு முன்பே ஆஜர். பூந்தமல்லியில் முதல் பஸ் பிடித்திருக்கிறாள். கம்ப்யூட்டர் ரூமில் மட்டும்தான் ஏ.சி., செருப்பு வெளியே. அந்தக் கம்ப்யூட்டருக்கு நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. வந்ததும் அவன் முகத்தில்தான் விழிக்கிறாள். வேர்க்காமல் பார்த்துக்கொள்கிறாள். போகும்போது துணி போர்த்திவிடுகிறாள்.

"வூட்ல வரன் பாக்குறதெல்லாம் தண்டம். இவனையே கட்டிக்கம்மா. நகை நட்டு கேக்க மாட்டான்."

"மெமரி கேப்பான் ருக்குக்கா. அது நகைய விட வெல."

மாலை: கெரசின் வரவில்லை. வீ.கா. (வீட்டுக்காரர். முழுசாக எழுதினால் மரியாதை கூடிவிடும்) ஆவடி ஃபேக்டரி கேண்டீனில் வடை கெட்டுப்போனதைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

அக்டோபர் 5, புதன்

புழுக்கம். இன்று எரிப்பு.

ஒரு சாண் துண்டு. கவ்வியில் மாட்டி, எலெக்ட்ரீஷியன் கோவிந்து பர்னரைத் திறந்தான். உர்ர் என்று நீல நெருப்பு. முதலில் பெயின்ட் கொப்புளித்தது, பிறகு பசை எரிந்து கறுப்புப் புகை, அந்த நாற்றம் சேலையை விட்டுப் போகாது. அணைத்துப் பார்த்தால் முன்பக்கம் வெறும் துணி, சீவாத தலைமுடி மாதிரி தொங்குகிறது. பின்பக்கம் அப்படியே பளபளப்பு. குறுக்கே வெட்டினால்தான் தெரிகிறது, உள்ளே பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கிறது.

"வெளிய சிரிச்சுகினு உள்ள புட்டுகினு கீது பாருக்கா, உன்ன மாரியே" என்றான் கோவிந்து.

"நான் உள்ள புட்டுகினா நீ டீக்கு எங்கடா போவ?"

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. துண்டைப் பையில் போட்டு எண் எழுதினாள். டீ கொடுக்கும்போது கேட்டேன், அதுதான் கண்ணால் பார்த்தாயிற்றே, பின் எதற்கு மாப்பிள்ளை என்று. சொன்னாள். எரித்துப் பார்ப்பது ஒரு சாண். விமானத்தில் இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் வைக்கப் போவது கதவளவு. இன்ஜின் பற்றிக்கொண்டால் விமானம் கீழே இறங்கி ஆட்கள் வெளியே ஓடும்வரை அது நிற்க வேண்டும். கதவளவுத் தகட்டை எத்தனை எரிப்பது? கம்பெனி மூழ்கிவிடும். அதனால் அதைக் கம்ப்யூட்டருக்குள் எரிக்கிறாள்.

"பொய்த் தீயா?"

"கணக்குத் தீ."

தகட்டைப் பொடிப்பொடிக் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறாளாம். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்குமாம், உனக்கு எவ்வளவு சூடு, பசை எவ்வளவு மிச்சம், பலம் எவ்வளவு மிச்சம் என்று. கேட்டுவிட்டுத் தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். மறுபடி எல்லாக் கட்டமும் எல்லாவற்றையும் கேட்கும்.

"எங்க லைன் வூட்டுப் பொம்பளைங்க கணக்கா."

அதற்குச் சிரித்தாள்.

ஆனால் பயத்தில் இருக்கிறாள். 17ஆம் தேதி பெங்களூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கதவளவுத் தகடு தாங்கும் என்று கணக்குத் தீ முழுசாக எரிந்து காட்டினால் தகடு ஆர்டர் எங்களுக்கு. அவளுக்கும் வேலை நிரந்தரம். இல்லை என்றால் கம்ப்யூட்டர் பிரிவையே மூடிவிடுவதாகப் பெரியவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். பெரியவர் என்பது முதலாளி. எழுபது வயது. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 6, வியாழன்

மழை இல்லை. மாப்பிள்ளைக்கு இன்று முகூர்த்தம்.

காலையில் ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பொத்தானைத் தட்டினாள். திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. அடுத்த சனிக்கிழமைதான் முடியுமாம். அதுவரை ராத்திரி பகல் அணைக்கவே கூடாது. நடுநடுவே எழுதி வைத்துக்கொள்ள டிஸ்க்கில் இடமில்லை, கடைசியில்தான் எழுதும். அணைந்தால் மறுபடி முதல் கட்டத்திலிருந்து.

கரண்ட் போனால்? அதற்கு மேசைக்கடியில் பேட்டரிப் பெட்டி. கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் கோவிந்து ஜெனரேட்டரை இழுத்துவிடுவான்.

ரூம் பெருக்கப் போனால் விளக்குமாற்றை வெளியே வைக்கச் சொல்கிறாள். ஒயர் தடுக்குமாம். உட்கார்ந்து கையால் துடைத்தேன். முட்டி விண்ணென்கிறது.

அக்டோபர் 8, சனி

வேலை அரை நாள். மாப்பிள்ளை நலம். திரையில் நடுவில் சிவப்பு, சுற்றி மஞ்சள், ஓரத்தில் நீலம். சிவப்பு என்றால் போனது, நீலம் என்றால் முழுசாக இருப்பது. நேற்றுக்கு இன்று சிவப்பு கொஞ்சம் பெருத்திருக்கிறது.

"அய்யய்யோ, எரியுதே."

"எரியணும் ருக்குக்கா. எவ்வளவு எரியுதுங்கறதுதான் கேள்வி."

வீட்டில்: ரேஷன் சர்க்கரை. பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டை, இரு கட்சிக்கும் நானே வக்கீல்.

அக்டோபர் 10, திங்கள்

காலையில் நல்ல மழை. அயனம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று பஸ்ஸில் பேச்சு.

இன்றுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. வியாழன் ஆயுத பூஜை.

எங்கள் ஷெட்டில் அதை முதல் நாளே கும்பிட்டுவிடுவோம், அதாவது புதன். மெயின் சுவிட்சைப் பெரியவரே தன் கையால் இறக்குவார். சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. விஜயதசமி வெள்ளிக்கிழமை அவரேதான் ஏற்றுவார். நடுவில் ஒரு ஸ்குரூ டிரைவரைக்கூட யாரும் தொடக் கூடாது. ஒரு வருஷம் யாரோ தொட்டு விரல் போயிற்று என்று கதை. யார் விரல் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் யாரும் தொட மாட்டோம். நானும்தான்.

ஸ்டெல்லா பெரியவரிடம் நேராகப் போய்க் கேட்கிறேன் என்றாள். கோவிந்து தடுத்தான்.

"கேட்டா அவரு இன்னா சொல்லுவாரு? வேணாம்மா, தோசம்பாரு. சொல்லிட்டாருன்னா அப்பால ஒண்ணியும் பண்ண முடியாது. கேக்காத உட்டுடு மேடம். ஆபீஸ் மீட்டர்ல இருந்து தனி ஒயர் இழுத்துத் தரேன். மெயின இறக்கினாலும் உன் பொட்டி ஓடினே இருக்கும். ரூம சாத்திடு. பூசைக்கிப் பெரியவரு அந்த ரூம் பக்கம் என்னிக்கி வந்தாரு? கட்டிங் மிசினோட சூடம் முடிஞ்சிரும்."

உண்மைதான். எத்தனை பூஜை பார்த்துவிட்டேன், கட்டிங் மெஷினைத் தாண்டி அவர் வந்ததில்லை.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க ருக்குக்கா?"

"தூங்குறவர எதுக்கு எழுப்பிக் கேக்கணும்?" என்றேன். பெரிய அறிவாளி.

அக்டோபர் 11, செவ்வாய்

வானம் மூட்டம். பூஜைக்கு வாங்கியது:
பொரி, உடைத்த கடலை, வெல்லம்.
வாழைக்கன்று ரெண்டு.
பூசணி ஒன்று. திருஷ்டிப் பொம்மை மூஞ்சி வரைவது கோவிந்து. போன வருஷம் என் சாடை வந்தது.
எலுமிச்சை. கதம்பம். சாமந்தி விலை அநியாயம்.
சூடம்.
புது துடைப்பம் (இது எனக்கு, ஆயுதம்).

மெஷின் எல்லாம் துடைத்தேன். பர்னருக்குப் பட்டை போட்டேன். ரூமில் தனி ஒயர் இழுத்தாயிற்று. ஏ.சி.க்கு அந்த ஒயர் தாங்காது என்று ஒரு டேபிள் ஃபேன். "மாப்பிள்ளைக்கு வேர்க்கும், நான் வேணா விசிறட்டா?" என்றேன். ஸ்டெல்லாவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. பாதிக்கு மேல் எரிந்துவிட்டதாம். நீலம் இன்னும் நிற்கிறதாம்.

அக்டோபர் 12, புதன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

மழை விட்டிருந்தது. பெரியவர் பட்டு வேட்டியில் வந்தார். நாங்கள் ரூமைச் சாத்தி, திரையை அணைத்து, மாப்பிள்ளைக்குத் துணி போர்த்தி, கதவை மறைத்து ஒரு வாழைக்கன்றை சாய்த்துக் கட்டியிருந்தோம். அது என் யோசனை.

மெயினை இறக்கினார். ஷெட் முழுக்க சத்தம் நின்றது. பர்னர், அடுப்பு, கட்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு. பூசணி உடைந்தது. நான் சூடத் தட்டோடு பக்கத்தில். முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

பெரியவர் திரும்பி, "போன வருஷம் கம்ப்யூட்டர விட்டுட்டோம். அதுவும் ஆயுதந்தானே? இந்த வருஷம் நமக்கு சோறு போடப் போறதே அதுதான்" என்றார்.

நடந்தார். வாழைக்கன்றை அவரே மெதுவாக நகர்த்தினார். "அடேடே, தோரணமெல்லாம் கட்டி ரெடியா வச்சிருக்கீங்களே." செருப்பில்லாத கால். கதவைத் திறந்தார். இருட்டில் டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. துணியை எடுத்தார். குட்டியாகப் பச்சை விளக்கு.

"அடடா. இது மட்டும் இன்னும் முழிச்சிக்கிட்டு இருக்கே. ஊரெல்லாம் ஓய்வு எடுக்குது, இதுக்கு மட்டும் கெடையாதா? பாவம்மா."

சந்தன விரலால் பொத்தானை அமுக்கினார்.

டிக். அவ்வளவுதான் சத்தம். உள்ளே ஏதோ சுற்றிச் சுற்றி, மெலிந்து, நின்றது.

"சார்" என்றாள் ஸ்டெல்லா. அதற்குமேல் வரவில்லை. சூடத்துக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு என் கையிலிருந்த தட்டை வாங்கி அவள் பக்கம் நீட்டினார். "உங்க வழக்கமில்லன்னா பரவால்லம்மா." அவள் ரெண்டு கையையும் நெருப்பின்மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியவருக்கு அவ்வளவு சந்தோஷம். பொத்தானுக்குக் குங்குமம் வைத்தார். பெட்டிக்குப் பூ.

எதிரில் யாராக இருந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை வந்துவிடும். இன்று வாயில் நாக்கு இருந்தது, அவ்வளவுதான்.

அவர் கார் போனதும் நாங்கள் மூன்று பேரும் ரூமில். ஸ்டெல்லா கையில் பொரிப் பொட்டலம். அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். பழைய மாதிரி ஓட்ட இனி நாள் இல்லை. கட்டத்தைப் பெரிதாக்கினால் கட்டம் குறையும், கணக்கும் குறையும். அவ்வளவு நுணுக்கமாக இருக்காது, ஆனால் ஒத்துக்கொள்வார்கள், அதைவிடப் பெரிதாக்கினால் மாட்டார்கள். இப்போதே ஆரம்பித்தால் ஞாயிறு காலைக்குள் முடிந்துவிடும். இப்போதே ஆரம்பித்தால்.

கோவிந்து பொத்தானைப் பார்த்தான். குங்குமம் ஈரமாக இருந்தது.

"மேடம், கை வர்ல மேடம். புள்ள குட்டிக்காரன்."

"நீங்களே அமுக்கிடுங்களேம்மா" என்றேன் நான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ருக்குக்கா. ஆனா நாளைக்கு இங்க யாருக்காவது நகம் பேந்தாக்கூட, அந்தப் பொண்ணு தொறந்துச்சு, நம்ம வழக்கம் அதுக்கு என்ன தெரியும்னு பேச்சு வரும். நான் இங்க வேலை செய்யணும்."

என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. பார்த்தாள்.

நான் ஒரு விரல் வைத்தால் போதும். என் மகன் லாரி ஓட்டுகிறான், சென்னை பெங்களூர் ரோடு. அவன் ஞாபகம் வந்தது. விரல் வரவில்லை.

அவளே ரூமைச் சாத்தினாள்.

அக்டோபர் 13, வியாழன்

லீவு. வெயில் அடித்தது, வெட்கமில்லாமல்.

அரிவாள்மணைக்குப் பொட்டு. கத்திக்குப் பொட்டு. அதனால் நறுக்க வேண்டிய காய் இல்லாமல், கீரையைக் கையால் கிள்ளிக் கூட்டு. வீ.கா. சைக்கிளுக்கு மாலை போட்டுவிட்டு, பாலுக்கு நடந்தே போனார்.

அவரிடம் முழுசும் சொன்னேன். "நீ அமுக்கியிருக்கலாம்ல?" என்றார் சுலபமாக.

"அப்ப நீங்க சைக்கிள எடுத்துகினு போய்ப் பாலு வாங்கினு வந்திருக்கலாம்ல?"

சுண்டல் கேட்டார்.

எதிர்வீட்டில் ரேடியோ சத்தம். பொரி நமுத்துவிட்டது. ஸ்டெல்லா இன்று என்ன செய்துகொண்டிருப்பாள்? அவளுக்கு இன்று சும்மா ஒரு வியாழன்.

அக்டோபர் 14, வெள்ளி

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் திறந்துவிட வேண்டும் என்று எல்லோரும் எட்டு மணிக்கே வந்து நிற்கிறோம். ஸ்டெல்லா பெரிய கட்டமெல்லாம் பேப்பரில் போட்டுத் தயாராக.

பெரியவர் கார் வரவில்லை. கேட்டில் நான், கோவிந்து, வாட்ச்மேன். ஒவ்வொரு ஹாரனுக்கும் எட்டிப் பார்த்தோம். கோயிலில் கூட்டமாம். வந்தது பத்தே முக்காலுக்கு.

"அடடா, ராகு காலம் வந்துடுச்சே. அவசரமில்ல, பன்னெண்டுக்கு மேல தொறந்துக்கலாம். உக்காருங்க, சுண்டல் கொண்டு வந்திருக்கேன்."

உட்கார்ந்தோம். சுண்டல் தின்றோம். நல்ல சுண்டல். அதுவும் சேர்த்து வயிற்றெரிச்சல்.

பன்னிரண்டுக்கு மேல் அவரே மெயினை ஏற்றினார். பிறகு ரூமுக்கு வந்து, "நீயே உன் கையால ஆரம்பிம்மா, நல்லா வரும்" என்று ஸ்டெல்லா தலையைத் தொட்டார். அவர் போன பிறகு எண்கள் ஓடின.

"எப்பம்மா முடியும்?"

"திங்கக்கிழமை சாயந்திரம்."

"அவங்க வர்றது?"

"திங்கக்கிழமை காலையில."

கோவிந்து வெளியே போய், வாழைக்கன்றை அறுத்துக் குப்பையில் எறிந்தான். அதன்மேல் என்ன கோபம்?

அக்டோபர் 15, சனி

மழை. மதியம் கரண்ட் போனது. பேட்டரிப் பெட்டி கீ கீ என்று கத்தியது. ஷெட்டில் அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள், எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாதவர்கள்கூட. கோவிந்து ஜெனரேட்டரை இழுத்தான். முதல் இழுப்பில் பிடிக்கவில்லை. ரெண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பிடித்தது. கத்தல் நின்றது. எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"நின்னுட்ச்சின்னு நெனச்சேன். என் நெஞ்சு" என்றான்.

"உனக்கு நெஞ்சு வேற கீதா?" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். புதனுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. பெங்களூருக்கு போன் போட்டுப் பார்த்தாளாம், ஒரு நாள் தள்ளி வர முடியுமா என்று. டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அடுத்து எங்கெங்கோ போக வேண்டுமாம்.

"இன்னொரு தடவ பெரியவர்கிட்டயே சொல்லிக் கேக்கச் சொல்லேம்மா. மொதலாளி சொன்னா கேப்பாங்க."

"என்னன்னு சொல்லுவேன்? ஏன் லேட்டுன்னு கேப்பார்ல?"

அது சரி.

அக்டோபர் 16, ஞாயிறு

ஒன்றுமில்லை. தலைக்கு எண்ணெய். வீ.கா.வுக்கு நகம் வெட்டிவிட்டேன், கண் சரியாகத் தெரியவில்லை என்கிறார், பேப்பர் மட்டும் தெரிகிறது.

ஸ்டெல்லா சர்ச் பூசைக்குப் போய்விட்டு நேராக ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். அவள் பார்த்தால் சீக்கிரம் ஓடுமா? ஓடாது. ஆனாலும் நானும் போயிருக்க வேண்டும். போய் என்ன செய்வேன்? டீ போடுவேன்.

அக்டோபர் 17, திங்கள்

மழை இல்லை. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தமிழ், மற்றவர்கள் இங்கிலீஷ். என் புடவையில் கரி இருந்தது, தமிழ்க்காரர் பார்த்துச் சிரித்தார். "இதுதான் சார் எங்க யூனிஃபார்ம்" என்றேன்.

எரிந்த துண்டுகளைப் பார்த்தார்கள். பிடித்திருந்தது. பிறகு ரூம். திரையில் சிவப்பு நடுவில் இருந்து பரவிப் பாதியில் நின்றிருந்தது. நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது நிற்பதுதான்.

ஸ்டெல்லா இங்கிலீஷில் நிறையச் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கு அவள் சின்னதாக ஏதோ சொன்னாள். தமிழ்க்காரர் பெரியவர் பக்கம் திரும்பினார்.

"நல்லா பண்ணியிருக்காங்க சார். ஆனா பாதி எரிஞ்சத வச்சு நாங்க என்ன பண்றது? ஆளு எறங்கறவரைக்கும் தாங்குமான்னு சொல்லணும்ல? சாயந்திரம்னா நாங்க ஃப்ளைட்ல இருப்போம். போன வாரமே வேற எடத்துல முடிஞ்ச கணக்காவே காட்டிட்டாங்க."

பெரியவருக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா, போன வாரமே ஆரம்பிச்சதா சொன்னியேம்மா?"

நான் டீத் தட்டோடு சுவர் ஓரம். கோவிந்து கதவருகில் ஸ்குரூ டிரைவரை உருட்டிக்கொண்டு.

"நடுவுல நின்னு போச்சு சார்" என்றாள்.

"ஏன், கரண்ட் கட்டா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கோவிந்துவையும் பார்க்கவில்லை. நேராக அவரையே பார்த்தாள்.

"ஆமா சார்."

"இந்தக் கரண்ட்டுக்கு ஒரு விடிவே கெடையாதா?" என்று வந்தவர்களிடம் சொல்லி வருத்தப்பட்டார். அவர்களும் வருத்தப்பட்டார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார்கள். டீ நன்றாக இருக்கிறது என்றார்கள்.

சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம், எங்கள் ஷெட்டில் என் வாய்க்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. 'நீங்கதான் சாமி அமுக்கினீங்க.' அவ்வளவுதான். சொன்னால் அந்த மனுஷன் அந்த விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சொல்லாவிட்டால் இவள்? ரெண்டு பக்கமும் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

மாலையில் பெரியவர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுப் பேசினார். இந்த மாதத்தோடு ரூம் மூடல். கம்ப்யூட்டர் ஆபீஸ் கணக்குப் பிரிவுக்கு, சம்பளம் போட. "உம்மேல தப்பில்லம்மா, நேரம்" என்றாராம். அவர் கண் கலங்கியிருந்தது என்று அவள்தான் அவரைப் பற்றிச் சொன்னாள்.

கிளம்பும்போது எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. "அணைக்கலியாம்மா?"

"ஓடட்டும் ருக்குக்கா. யாரும் கேக்கலன்னா என்ன."

அக்டோபர் 18, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து சாரல். ரயில் தாமதம். அந்தப் புது அம்மா எனக்காக சீட்டு பிடித்து வைத்திருந்தாள். இன்று என்ன கொளுத்தப் போகிறீர்கள் என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

ஸ்டெல்லா கூப்பிட்டாள். "செருப்போடயே வாங்க, பரவால்ல." கழற்றிவிட்டுத்தான் போனேன்.

முடிந்திருந்தது. திரை அசையவில்லை. நடுவில் ஒரு பெரிய சிவப்பு, சுற்றி மஞ்சள். பிறகு பக்கவாட்டில் வெட்டிக் காட்டினாள். ஏடு ஏடாக. முன் ஏடுகள் எல்லாம் சிவப்பு, பசை போய், பிரிந்து. அதற்கடுத்தவை மஞ்சள். கடைசியில், ஆள் உட்காரும் பக்கம், மெல்லியதாக ரெண்டு ஏடு நீலம்.

"தாங்கிச்சா?"

"தாங்கிச்சு ருக்குக்கா. எல்லாரும் எறங்கி ஓடிடலாம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

நல்லா வந்திருக்கு என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி. வேறு என்ன சொல்ல? பெரியவரிடம் காட்டலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள், வேண்டாம் என்று. பெங்களூருக்கு? வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்களாம், காலையில் தகவல் வந்துவிட்டது. பூந்தமல்லியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள், கேட்டுப் பார்க்கப் போகிறாளாம்.

முந்தானையால் திரையைத் துடைத்தேன்.

கோவிந்து தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றான். கணக்குப் பிரிவுக்குக் கொண்டுபோக. உள்ளே வரவில்லை. "மெதுவா ஆவட்டும் மேடம், ஒண்ணும் அவசரமில்ல" என்றான்.

ஸ்டெல்லா எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"நீங்க அணைச்சிடுங்க ருக்குக்கா."

எந்தப் பொத்தான் என்று கேட்டேன். தெரியும். இருந்தாலும் கேட்டேன்.